நெய்தல் நிலத்துக்கு ஓர் ஆற்றுப்படை

பயணம் என்பது சக்கரங்கள் உருள்வது மட்டுமன்று. கண்ணும் நாவும் நெஞ்சும் ஒருங்கே கற்கும் கல்வி அது. வகுப்பறையில் ஐந்திணை பயிலும் மாணவர் ஒருமுறையேனும் நெய்தல் நிலத்தின் நீள அகலங்களைத் தம் கண்ணால் காணுதல் வேண்டும் என்பது நம் தமிழ்த்துறையின் நெடுநாள் விருப்பம். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து நம் துறையில் பயிலும் மாணவர் ஒருவர், நெய்தல் திணை பற்றிய தேர்வில் முதல் மதிப்பெண் பெற்றவர், கடலையே கண்டதில்லை என்று அறிந்த அன்று அவ்விருப்பம் ஒரு திட்டமாக உருக்கொண்டது. சென்னையில் புறப்பட்டுக் காயல்பட்டினம் வரை, கடலை இடப்புறம் வைத்துக்கொண்டே செல்லும் ஏறத்தாழ 700 கிலோமீட்டர்ச் சாலைப் பயணம், மாணவர் முப்பதின்மர், ஆசிரியர் மூவர், நாள்கள் ஐந்து. இம்மலர் உங்கள் கைகளில் தவழும் வேளையில் அப்பயணம் இன்னும் தொடங்கியிராது. எனினும், திட்டம் தீட்டும்போதே நாம் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. அதனைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கேள்வி

முதற் கூட்டத்திலேயே மாணவர்கள் நீண்டதொரு பட்டியலுடன் வந்துவிட்டனர். எந்த ஊரில் எந்த உணவகம், அதற்குக் கைபேசியில் எத்தனை நட்சத்திரம், எத்தனை பேர் புகழ்ந்துள்ளனர் என்றெல்லாம் அழகாகத் தொகுத்திருந்தனர். அவர்களுடைய உழைப்பைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும், பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துப் பார்த்தபோது ஊர்ப்பெயர்கள் மட்டுமே மாறினவேயன்றி உணவுகள் மாறவில்லை. எங்கும் அதே பிரியாணி, அதே பரோட்டா, அதே வறுத்த கோழி!

துறையின் மூத்த பேராசிரியர் பட்டியலை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, "இவற்றையெல்லாம் நம் கல்லூரி வாசலிலேயே உண்ணலாமே, தம்பி! இதற்கு 700 கிலோமீட்டர் எதற்கு?" என்றார். அவையில் அமைதி நிலவியது. பின்னர் அவர் நூலகத்திலிருந்து சிறுபாணாற்றுப்படையை எடுத்துவரச் செய்தார்.

பழையதோர் பயணத் திட்டம்

ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துதல். பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு பாணனுக்கு வள்ளலின் ஊரையும் அதற்குச் செல்லும் வழியையும் எடுத்துரைப்பது அதன் அமைப்பு. இதனைத் தேர்வுக்காக நாம் அனைவரும் படித்தோம். ஆனால் அது ஒரு பயணத் திட்டம் என்று கருதிப் படித்தோமா?

இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் நல்லியக்கோடனிடம் செல்ல வழி சொல்கிறார். கடற்கரை ஊராகிய எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டில் சுட்ட குழல்மீன். முல்லை சார்ந்த வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். மருத நிலத்து ஆமூரில் உழவர் மகள் இடும் வெண்சோறும் நண்டுக் கலவையும். நிலம் மாறும்போது உணவு மாறுகிறது. உணவோடு அதனை இடும் கையும் மாறுகிறது. எவ்விடத்தும் புலவர் ஊரையும் உணவையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அதனை அளிப்பவர் யார் என்பதையும் சேர்த்தே சொல்கிறார்.

இதில் வியப்பு என்னவெனில், புலவர் பிறந்த இடைக்கழிநாடு இன்றும் அதே பெயருடன் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடலுக்கும் கழிக்கும் இடையே கிடக்கிறது. எயிற்பட்டினம் என்பது அதற்குத் தெற்கேயுள்ள மரக்காணமே என்று அறிஞர் கருதுவர். நாம் செல்லவிருக்கும் சாலை அவர் காட்டிய வழியின்மேல்தான் செல்கிறது! அன்றே நாம் மாணவர் பட்டியலுக்கு ஒரு விதி வகுத்தோம். ஊரும் உணவும் எழுதினால் போதாது, "இப்பண்டத்தைச் செய்பவர் யார்? எப்போது, யாருக்காகச் செய்கிறார்?" என்ற கேள்விக்கும் விடை எழுதுதல் வேண்டும். இருவருக்கு ஓர் ஊர் என்று பகிர்ந்தளித்தோம்.

காலமும் வழியும்

காலத்தைத் தேர்வதும் ஒரு கலையே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் இக்கரையை அலைக்கழிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம்; மீன் இனம் பெருகுவதற்காக விதிக்கப்பெற்ற அந்நாள்களில் மீன் அங்காடிகள் களையிழந்து கிடக்கும். ஆகவே பிப்ரவரியைத் தேர்ந்தோம். வெயிலும் கடுமையாயிராது, கோடியக்கரையில் பூநாரைகளையும் காணலாம்.

முதல் நாள் இடைக்கழிநாடு, ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள், மரக்காணத்து உப்பளங்கள். நண்பகல் உணவு மரக்காணத்தில் மீன் குழம்பும் சோறும். இரவு பரங்கிப்பேட்டையில் தங்கல். வெள்ளாறு கடலோடு கலக்கும் அவ்வூரில் நண்டும் இறாலும் சிறப்பு. ஆமூர் உழத்தியின் நண்டுக் கலவையை அங்கே நினைவுகூர்வோம்.

இரண்டாம் நாள் தரங்கம்பாடி. 1620இல் டேனியர் எழுப்பிய கோட்டை அங்கே அலைகளை நோக்கி நிற்கிறது. சீகன்பால்கு 1706இல் வந்திறங்கித் தமிழ் கற்று, தமிழ் நூல்களை அச்சேற்றியதும் அவ்வூரில்தான். தமிழ் மாணவர் அங்கே இறங்காமல் செல்லலாகாது. 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த காரைக்காலைக் கடந்து மாலையில் நாகூர். அரிசிமாவும் வெங்காயமும் இறாலும் சேர்த்துப் பொரித்தெடுக்கும் 'வாடா' மாலைக்கே உரியது. எனவே அவ்வூரை மாலை வேளைக்கு வைத்தோம். ரவையும் முட்டையும் நெய்யும் சேர்த்து மேலும் கீழும் அனலிட்டுப் பதமாக்கும் 'தம்ரூட்' வழிக்கு உதவும். தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங் எழுப்பிய நெடிய மினாராவைக் கண்டபின் நாகப்பட்டினத்தில் இரவு.

மூன்றாம் நாள் நெடுவழி. 1930இல் இராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய வேதாரணியம், கோடியக்கரை, அலையாத்திக் காடுகள் சூழ்ந்த முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பின்பு மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக இரண்டாம் சரபோஜி மன்னர் 1814இல் கடற்கரையில் கட்டிய எட்டு நிலைக் கோபுரம் அது. 'மினார்' என்னும் சொல்லே 'மனோரா' ஆயிற்று என்பர். சொல்லாய்வில் விருப்பமுள்ள மாணவருக்கு நல்விருந்து! வழிநெடுகத் தென்னந்தோப்புகளைக் காணும்போது 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களையும் எண்ணுதல் வேண்டும். இரவு இராமநாதபுரம்.

நான்காம் நாள் விடியலில் பாம்பன் கடந்து தனுஷ்கோடி. 1964 டிசம்பரில் புயல் விழுங்கிய அவ்வூருக்கு அப்பால் அரிச்சல்முனை வரை 2017 முதல் சாலை உண்டு. அங்கிருந்து திரும்பி நண்பகலில் கீழக்கரை. ஐந்தாம் நாள் முந்திரியும் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் கொண்டு மக்ரூன் செய்யும் தூத்துக்குடி, கடல் பின்வாங்கிவிட, இன்று உள்நாட்டுச் சிற்றூராய் நிற்கும் கொற்கை, இறுதியில் காயல்பட்டினம்.

பிரிவின் பண்டங்கள்

இருவர் இருவராகச் சென்ற மாணவர் விடைகளோடு மீண்டனர். உற்றாரிடம் கேட்டும், ஊர்ப் பெரியவர்களுடன் தொலைபேசியில் பேசியும் அவர்கள் எழுதிய குறிப்புகளை ஒருசேர வைத்துப் பார்த்தபோது, நாம் எதிர்பாராத ஓர் ஒற்றுமை புலப்பட்டது.

கீழக்கரையின் தொதல் பச்சரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி ஆகியவற்றை அடுப்பில் ஏற்றி மணிக்கணக்கில் கிண்டிச் செய்வது. இலங்கையிலும் மலாய் நாட்டிலும் இதற்கு ஏறத்தாழ இதே பெயர்தான். பண்டமும் பெயரும் மரக்கலத்தில் பயணம் செய்தவை. ஓட்டுமாவு என்பது அரிசிமாவைத் தேங்காயும் முட்டையும் சேர்த்துச் செம்மை ஏறும்வரை வறுத்துச் சர்க்கரை கலப்பது. மாசி என்பது சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் உலர்த்தியது. மாலத்தீவுக் கடல்வழியே நம் அடுக்களைக்கு வந்தது. இவற்றுக்கெல்லாம் பொதுவான பண்பு யாது? நாள்பல ஆயினும் கெடாதவை. ஏன் கெடாமல் இருத்தல் வேண்டும்? உண்பவன் வீட்டில் இல்லை, கடலில் இருக்கிறான்.

கொழும்புக்கும் பினாங்குக்கும் இரங்கூனுக்கும் கப்பலேறியோர் அன்று. வளைகுடா நாடுகளுக்கு வானூர்தி ஏறுவோர் இன்று. பெட்டியின் அடியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கட்டப்படும் பொட்டலத்தில் மட்டும் மாற்றமில்லை. நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல் என்று இலக்கணம் கூறும். பிரிந்தவனை எண்ணிக் கரையில் நின்று வருந்தும் தலைவியைப் பாடல்களில் கண்டோம். அவள் வருந்தியதோடு நின்றுவிடவில்லை; அடுப்பை மூட்டி, அவன் செல்லும் வழிக்குக் கெடாத உணவு சமைத்தாள் என்பதை இக்குறிப்புகள் நமக்கு உணர்த்தின. சுவைக்காக நாம் தேடிச் சென்ற பண்டங்கள் பலவும் பிரிவின் பண்டங்கள்!

முப்பது விருந்தினர்

கீழக்கரையைச் சேர்ந்த நம் மாணவர் ஒருவர், "கடையில் விற்கும் தொதல் வேறு, எங்கள் உம்மா செய்வது வேறு. நம் வீட்டுக்கே வாருங்கள்" என்று அழைத்தார். மகிழ்ச்சி ஒருபுறம், தயக்கம் மறுபுறம். முப்பத்து மூவருக்கு விருந்து வைப்பது எந்தக் குடும்பத்துக்கும் எளிதன்று. விருந்தோம்பலைப் போற்றும் நாமே ஓர் இல்லத்தின் சுமையாகலாமா? செலவை ஏற்கிறோம் என்று சொன்னால் அவர்கள் மனம் புண்படும். சொல்லாவிட்டால் நம் மனம் ஒப்பாது. துறைக் கூட்டத்தில் இதுபற்றி ஒரு மணி நேரம் பேசியும் முடிவு எட்டப்படவில்லை. "பாணர் கூட்டமாகச் சென்றதும் உண்மை, வள்ளல்கள் வறியவரானதும் உண்மை" என்று ஓர் ஆசிரியர் நயமாகச் சொன்னார்.

இறுதியில் அவ்வம்மையாரிடமே தொலைபேசியில் பேசினோம். நம் தயக்கத்தைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு சொன்னார்:

"செலவப் பத்திப் பேசாதீங்க சார். தொதல் கிண்டத்தான் ஆள் வேணும். முன்னெல்லாம் இவனோட காக்காமார் ரெண்டு பேரும் மாறி மாறிக் கிண்டுவாங்க. இப்ப ரெண்டு பேரும் துபாய்ல. ஒத்தக் கையால கிண்ட முடியாமத்தான் நாங்களும் கடையில வாங்கி அனுப்புறோம். ஒங்க புள்ளைங்க வந்து கிண்டட்டும். நாலு சட்டி செஞ்சா ஒங்களுக்கும் ஆச்சு, அவங்களுக்கு அனுப்பவும் ஆச்சு."

யாருக்காகச் செய்யப்படுகிறதோ அவர்கள் ஊரில் இல்லாமையால், அதனைச் செய்யும் கைகளும் குறைந்து, அப்பண்டமே வீட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறது என்பதை எந்த நூலும் நமக்குச் சொல்லவில்லை. அத்தாய் நான்கு வரிகளில் சொல்லிவிட்டார். அரிசியும் தேங்காயும் கருப்பட்டியும் நாம் கொண்டுசெல்வது, கிண்டும் பணி மாணவருடையது என்று முடிவாயிற்று. அதற்கென நான்காம் நாளின் பிற்பகல் முழுவதையும் ஒதுக்கினோம். சீதக்காதி வள்ளலின் பெயரோடு இணைத்துப் பேசப்பெறும் கல் பள்ளிவாசலின் தூண்களைக் கண்டு திரும்பியதும் அடுப்படிப் பணி தொடங்கும். உமறுப்புலவருக்குக் கொடையளித்த வள்ளலின் ஊரில் உழைத்து உண்பது தமிழ் மாணவருக்குப் பெருமையே.

காயல்பட்டினத்திலும் இவ்வாறே. நெய்ச்சோறும் களரிக் கறியும், கத்தரிக்காயும் மாங்காயும் சேர்ந்த பருப்பும் திருமணப் பந்திக்கு உரியவை. பலர் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் விருந்து அது. அழைப்பின்றி அதனைப் பெறுதல் அரிது. ஆதலால் அவ்வூருக்கு நேரே உணவின் பெயரை எழுதாமல் வெற்றிடமாக விட்டுள்ளோம். அழைத்தால் உண்போம், இல்லையேல் கடற்கரையில் அமர்ந்து கையிலுள்ள தொதலை உண்போம்.

மாணவர்க்கும் பெரியோர்க்கும்

பயணம் செல்ல விழையும் மாணவச் செல்வங்களே! உணவகங்களின் பட்டியலை எவரும் நொடியில் பெறலாம். ஒரு பண்டம் யாருக்காகச் செய்யப்படுகிறது என்ற விடையை மனிதரிடம் கேட்டே பெறுதல் வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கண்ட கரை இது. ஊர்தோறும் இழப்பின் கதைகளும் உண்டு. கேட்கும்போது பணிவோடு கேளுங்கள்.

கடலூர் முதல் காயல் வரை வாழும் பெரியோர்களே! உங்கள் இல்லத்து மூதாட்டியர் எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு தேங்காய், எந்தப் பதத்தில் இறக்குதல், எத்தனை நாள் தாங்கும் என்பவற்றையெல்லாம் மனத்திலேயே வைத்துள்ளனர். அதனை ஏட்டில் எழுதி நம் துறைக்கு அனுப்பி உதவுங்கள். மாணவர் குறிப்புகளோடு சேர்த்து அடுத்த ஆண்டு மலரில் வெளியிடக் கருதியுள்ளோம்.

பிப்ரவரியில் பேருந்து புறப்படும். கடல் காணாத அந்த மாணவருக்குச் சன்னலோர இருக்கை, இடப்புறம், முன்பே ஒதுக்கப்பட்டுவிட்டது.