கழுத்துக்குக் கீழே

த்லாத்தில்கோ பாவை ஒன்று மேசைக்கு வந்தால் நான் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, முறிவைப் பார்ப்பேன். பெரும்பாலும் கழுத்தில்தான் முறிந்திருக்கும். பழைய முறிவென்றால் அதிலும் மண் படிந்து மேல்நிறத்துக்கே வந்திருக்கும். புதிது வெளிறித் தெரியும். தோண்டும்போதோ அதற்குப் பிறகோ உடைந்தது.

மெக்சிகோ நகரத்துக்கு மேற்கே, இன்றைய நவுகல்பானில், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் செழித்திருந்த ஊர் அது. போன நூற்றாண்டில் செங்கல் சூளைக்காக அங்கே களிமண் வெட்டினார்கள். வெட்ட வெட்டப் பானையும் பாவையும் வந்தன. ஓவியர் மிகேல் கோவாருபியாஸ் அந்தத் தொழிலாளர்களிடம் விலை கொடுத்து வாங்கினார். 1942இல் முறையான அகழாய்வு தொடங்கவும் அவரே முன்னின்றார். 1960கள் வரை நடந்த அகழாய்வுகளில் நூற்றுக்கணக்கான புதைகுழிகள் பதிவாயின. பதிவாகாமல் விலைபோனவற்றுக்குக் கணக்கே இல்லை. இப்போது அதன்மேல் நகரம் நிற்கிறது; சந்தேகம் வந்தால் போய்த் தோண்டிப் பார்க்க இடமில்லை.

ஆகவே மண்ணையே கேட்க வேண்டியிருக்கிறது. அண்மையில் பார்த்த ஒரு பாவை உள்ளங்கைக்குள் அடங்கும். ஒடுங்கிய இடை, பருத்த தொடை. கைகளை ஈரமண்ணிலேயே கிள்ளி இழுத்து மொட்டையாக விட்டிருக்கிறார்கள். கண்ணுக்குக் கூரான குச்சியால் இரண்டு கீறல். அந்தக் கீறலின் நுனிமேல் கூந்தலுக்காக ஒட்டிய மண்பட்டை ஏறிப் படிந்திருக்கிறது. முகம் முடிந்த பிறகே தலை அலங்காரம் நடந்திருக்கிறது! செய்தவரின் கை எந்த வரிசையில் போனது என்பது லென்ஸின் கீழே இன்றும் தெரிகிறது. கூந்தல் இடுக்கில் செஞ்சாயம் கொஞ்சம் மிச்சம். இதனால்தான் பாவைகளைக் கழுவாதீர்கள் என்று மன்றாடுகிறேன்.

தொல்லியலாளர் ஜார்ஜ் வைலன்ட் இத்தகைய பாவைகளுக்காக வளர்த்தெடுத்த எழுத்து-எண் வகைப்பாடு இன்றும் உதவுகிறது. ஆனால் அது முகத்தையும் கண்ணையும் பெரிதும் நம்புகிறது. வாங்குகிறவர்களுக்கும் முகம்தான் வேண்டும். உடம்பில்தான் எத்தனை செய்தி: குழந்தையை ஏந்தியவர், ஆடுபவர், பந்தாட்டக்காரர்.

இரட்டை முகப் பாவைகளும் உண்டு. சிலவற்றில் இரு முகங்களுக்கும் நடுக்கண் பொது. இவை பிறவிக் குறைபாடு ஒன்றைக் கண்டு வடித்தவை என்று கோர்டன் பெண்டர்ஸ்கி என்ற மருத்துவர் வாதிட்டார். நான் அதை ஒதுக்க மாட்டேன். ஆனால் அதை எடைபோட, பாவை யாருடைய உடலருகே கிடந்தது, இறந்தவர் குழந்தையா பெரியவரா என்று தெரிய வேண்டும். அகழாய்வில் கிடைத்த பாவைக்கு அதைக் கேட்கலாம். சூளைக்குழியிலிருந்து விலைக்குப் போனதற்கு முடியாது.

விலை ஏறியதும் போலிகளும் வந்தன. வெப்ப ஒளிர்வுச் சோதனை, மண் கடைசியாகச் சுடப்பட்ட காலத்தைச் சொல்லிவிடும், புதைகுழியைச் சொல்லாது. அதனால் பதிவட்டையில் ‘த்லாத்தில்கோ’ என்று மட்டும் நான் எழுதுவதில்லை. ‘த்லாத்தில்கோ எனச் சொல்லி விற்கப்பட்டது’ என்று முழுதாக எழுதுகிறேன். அட்டையில் இடம் போதாவிட்டால் பின்பக்கம் தொடர்கிறேன்.