இறுகிய வால்வு

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு 'ஹியல்' என்னும் சொல் ஃபிக்ஹு நூல்களின் வழியாகவே அறிமுகமாகும். சட்டத்தின் சந்துகளில் நுழைந்து தப்பும் உபாயங்கள் என்பது அங்கே அதன் பொருள். பொறிக்கலை என்ற பொருளும் அதற்கு உண்டு. பக்தாதின் பனூமூஸா சகோதரர் மூவர் 9-ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'கிதாபுல் ஹியல்', தாமே திறந்து மூடிக்கொள்ளும் அடைப்பான்கள் பொருந்திய நீர்க்கருவிகளை விவரிக்கிறது. 1206-இல் தம் நூலை முடித்த அல்ஜஸரியோ, அடைப்பானையும் அது அமரும் இருக்கையையும் குருந்தக்கல் பொடியிட்டு ஒன்றோடொன்று தேய்த்து, நீர் கசியாவண்ணம் பொருத்தும் முறையையே எழுதிவைத்தார்.

அந்தப் பொருத்தம் கெட்டால் நேர்வது யாதென்பதைச் சிதம்பரத்தில் எங்கள் இல்லத்துக் குளியலறை சென்ற கோடையில் காட்டிற்று. குழாயின் கழுத்தில் கசிவு. இரவு நிரப்பிய மாடித் தொட்டி விடியுமுன் வற்றியது. பழுதுபார்க்க வேண்டுமானால் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் கேட் வால்வை மூடவேண்டும். பதினைந்து ஆண்டுகளாக எவர் கையும் படாத அது அசைய மறுத்தது. வீட்டிலோ பிள்ளை பெற்று நாற்பது கழியாத மகள். பிளம்பர் நான்கு நாள் கழித்தே வர இயலும் என்றுவிட்டார்.

கேட் வால்வின் உள்ளே ஒரு பித்தளைத் தகடு திருகால் ஏறி இறங்குகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரின் சுண்ணாம்பு படிந்து இறுகினால் தகடு சிக்கிக்கொள்ளும். முரட்டுத்தனமாகத் திருகினால் தண்டு முறியும். மண்ணெண்ணெய் விட்டுப் பொறுத்திருந்து, இப்புறமும் அப்புறமும் சிறிது சிறிதாக அசைத்துப் பார்த்தேன். பயனில்லை, மாற்றுவதே வழி.

கடலூரில் பாடம் நடத்திவிட்டுத் திரும்பும் மாலையில், கடையொன்றில் முக்கால் அங்குலப் பித்தளை பால் வால்வும் டெஃப்லான் டேப்பும் கேட்டேன். "ஹஜ்ரத், ஸ்பேனர் ரெண்டு வேணும், ஒண்ணு குழாயைப் பிடிச்சுக்க" என்றார் கடைக்காரர். பொன்னான சொல்! ஒன்றை மட்டும் கொண்டு திருகினால், விசை முழுவதும் சுவருக்குள் இருக்கும் பழைய எல்போவைத் தாக்கும்.

மறுநாள் எஞ்சிய நீரை அண்டாக்களிலும் குடங்களிலும் பிடித்துத் தொட்டியை வெறுமையாக்கினோம். அருகிருந்த யூனியனைக் கழற்றியதும் வால்வைத் திருகி எடுக்க இடம் கிடைத்தது. மரைகளைக் கம்பித் தூரிகையால் துலக்கி, புதிய வால்வு ஏறும் திசையிலேயே டேப்பைச் சுற்றினேன். எதிர்த்திசையில் சுற்றினால் ஏற்றும்போதே உரிந்துவிடும். அஸருக்குப்பின் தொடங்கிய வேலை மஃரிபுக்குமுன் முடிந்தது. கசிந்த குழாய்க்கு வாஷர் மாற்றியது அதன்பின் பத்து நிமிடக் காரியம்.

பால் வால்வின் கைப்பிடி குழாயோடு இணையாக நின்றால் திறப்பு. கால் சுற்றுத் திருப்பிக் குறுக்காக நிறுத்தினால் அடைப்பு. அதுவும் தொடாமல் விட்டால் இறுகக்கூடியதே. ஒவ்வொரு பிறை பிறக்கும்போதும் அதை ஒருமுறை மூடித் திறப்பதை என் துணைவியார் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டுள்ளார்கள்.