தேன்வதை

தமிழ் படிப்பிக்கிறவன் மருத்துவத்தைப் பற்றி எழுதப் புகுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று வாசகர் கருதக்கூடும். கருதினால் அது நியாயமே. ஆயினும், ஒரு சிறுவனின் தலையில் வந்த புண்ணின்பொருட்டு நான் இரண்டு தவறுகளைச் செய்தேன். அப்புண்ணின் இயல்பை விளக்காமல் அத்தவறுகளின் கனத்தை எடுத்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

2022ஆம் ஆண்டின் இறுதி மாதங்கள். எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று நின்று நாடே களைத்திருந்த காலம். வன்னியில் நான் படிப்பிக்கும் பாடசாலையின் ஆறாந்தர மாணவன் ஒருவன் திடீரெனத் தொப்பி அணிந்து வகுப்புக்கு வரத் தொடங்கினான். முதல் நாள் கண்டும் காணாதவன்போல் இருந்தேன். இரண்டாம் நாள் கழற்றச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றானேயன்றிக் கழற்றினான் இல்லை. ஒழுங்கு என்ற சொல்லுக்கு ஆசிரியர்களாகிய நாங்கள் கொடுக்கும் மதிப்பு பெரிது. அச்சொல்லின்பேரால் நாங்கள் செய்யத் துணியாதது எதுவுமில்லை. என் கையாலேயே அத்தொப்பியை எடுத்தேன். அதன் உட்புறம் புண்ணோடு ஒட்டியிருந்தது. பையன் அலறிவிட்டான். பின்னிருந்து யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

உச்சிக்குச் சற்றுப் பின்னே, தேசிக்காயொன்றைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்தாற்போல ஒரு வீக்கம். அதன்மீது மயிர் பெரும்பாலும் உதிர்ந்திருந்தது. மஞ்சட் பொருக்கின் இடையிடையே சிறு துளைகள். ஒவ்வொன்றிலுமிருந்தும் சீழ் கசிந்தது. பின்கழுத்தில் நெறி கட்டியிருந்தது. மேனியும் சுட்டது.

மறுநாள் அவனுடைய தாயை அழைப்பித்தேன். தோட்டங்களிற் கூலிக்குப் போகிறவர். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர், நான் கேட்குமுன்பே குற்றவாளிபோல் எல்லாவற்றையும் ஒப்புவித்தார். ஆறு கிழமைக்கு முன்பு காசளவு ஓரிடத்தில் செதிள் செதிளாகத் தோல் உரிந்ததாம். பொடுகு என்று எண்ணி எண்ணெய் வைத்தார். பின்னர் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார். கேட்டு வாங்கிய களிம்பொன்று ஒரு கிழமை சொறிவை அடக்கிற்று. அதன்பிறகே புண் கொதித்தெழுந்தது. தனியார் மருந்தகம் ஒன்றில் இது சீழ்க்கட்டு என்று சொல்லிக் கத்தி வைத்தார்கள். இரத்தம் வந்ததேயன்றிச் சீழ் வடிந்து வீக்கம் தணியவில்லை. பத்து நாள் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை விழுங்கியும் பயனில்லை. "தொப்பியை நான்தான் வாங்கிக் குடுத்தனான் சேர், பிள்ளையள் பகிடி பண்ணுதுகள் எண்டு அழுதவன்" என்றார்.

இது எங்கிருந்து வந்தது என்ற ஆராய்ச்சி ஆசிரியர் அறையில் நடந்தது. தீர்ப்புக்கு ஐந்து நிமிடங்கூடச் செல்லவில்லை. சந்தியிலுள்ள சலூனில்தான் பையன்கள் யாவரும் மயிர் வெட்டுகிறார்கள். ஆகவே அங்கிருந்துதான் வந்திருக்கிறது. "அவங்கட சீப்பும் கத்தியும் எப்பிடி இருக்கும் எண்டு தெரியாதே" என்றார் ஒருவர். அந்த "அவங்கட" என்ற சொல் எவரைக் குறித்தது, எதைக் குறித்தது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கிற்று. சாதியைக் கண்டித்துக் கட்டுரை எழுதுகிற எனக்கும் விளங்கிற்று. விளங்கியும் நான் வாய் திறக்கவில்லை. அதுமட்டுமன்று; மறுநாட் காலைக் கூட்டத்தில் சுகாதாரம் பற்றிப் பேசுகையில், அந்தச் சலூனுக்குச் சில காலம் போகவேண்டாம் என்று மாணவருக்கு அறிவுறுத்தியவனும் நானே.

இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சி. பழக்கதோஷத்தை வாசகர் பொறுத்தருள்க. பரிகாரி என்னும் சொல் நம் பேச்சில் பரியாரி என மருவி வழங்குகிறது. அகராதியைப் புரட்டினால், மருத்துவன் என்றும் நாவிதன் என்றும் அதற்கு இரு பொருளும் காணலாம். மேனாடுகளிலும் முற்காலத்தில் மயிர் களைந்தவனே கட்டியை அறுத்து மருந்தும் இட்டான். நோயை நீக்கியவனுக்குரிய பெயரைத் தாங்கிய மனிதனை நோயைப் பரப்புகிறவன் என்று சொல்ல எங்களுக்கு ஒரு சான்றும் தேவைப்படவில்லை.

அரசாங்க வைத்தியசாலையொன்றின் தோல்நோய்ச் சிகிச்சைப் பிரிவுக்குத் தாயையும் பையனையும் நானே அழைத்துச் சென்றேன். நிபுணர் ஓர் இளம்பெண். வீக்கத்தின் ஓரத்து மயிர்கள் சிலவற்றைச் சாமணத்தாற் பற்றி இழுத்தார். பையன் பல்லைக் கடித்துக்கொண்டான். ஆனால் நனைந்த மண்ணிலிருந்து புல் வருவதுபோல் அவை எளிதாகக் கையோடு வந்தன. "நொந்ததோ?" என்று கேட்டார். இல்லையென்று தலையசைத்தான். சாதாரணச் சீழ்க்கட்டாயின் மயிர் வேரோடு இறுகியிருக்கும், இழுத்தால் உயிர் போகும் என்று எனக்கு விளக்கினார். பின்னர் இருட்டறைக்குள் ஊதாக் கதிர் விளக்கொன்றைத் தலைக்கு மேலே பிடித்தார். முறிந்த மயிர்க்கட்டைகள் மின்மினிகளைப்போற் பச்சையாய் ஒளிர்ந்தன. அமெரிக்க இயற்பியலாளர் றொபேட் வூட் என்பவரின் பெயரால் வழங்கும் விளக்கு அது. தலையிற் படரும் பங்கசுகள் யாவும் அதில் ஒளிர்வதில்லை; சில இனங்களே ஒளிரும். ஒளிராமையைக்கொண்டு நோயில்லையென்று முடிவுகட்டலாகாது.

அதன்பின் அவர் கேட்ட கேள்வியை நாங்கள் எவரும் எதிர்பார்க்கவில்லை.

"வீட்டிலை நாய், பூனை ஏதும் நிக்குதோ தம்பி?"

பையன் தாயைப் பார்த்தான். "ஒரு பூனைக்குட்டி" என்றான்.

"அதுக்கு எங்கையாவது மயிர் கொட்டியிருக்கோ?"

"காதடியிலை. கொஞ்சந்தான்."

அந்தக் குட்டியை வேலியோரத்தில் கண்டெடுத்து, இரவில் தன் தலையணையிலேயே படுக்கவைத்து வளர்த்தவன் அவன். மனிதரிடையே நெடுங்காலம் பரவிப் பழகிய பங்கசு, பெரும்பாலும் ஆரவாரமின்றிச் செதிளையும் சொட்டையையும் மட்டுமே உண்டாக்கும். பூனை, நாய், கன்று முதலியவற்றிலிருந்து வருவதோ நம் உடலுக்கு அந்நியன். அந்நியனைக் கண்ட உடல் முழுவலிமையோடும் எதிர்க்கிறது. வீக்கமும் சீழும் காய்ச்சலும் அப்போரின் விளைவுகள். ஆகவேதான் கத்தி வைத்தும் பயனில்லாது போயிற்று. அறுத்து வடிக்க அங்கே திரண்ட சீழ் இல்லை. கிரேக்க மொழியில் இவ்வீக்கத்துக்குக் "கெரியன்" என்று பெயர். தேன்வதை என்பது அதன் பொருள். முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் இதனை விவரித்தமையால் இன்றும் அவர் பெயரோடு சேர்த்தே வழங்குகிறது. வன்னிக் காட்டில் தேன்வதை பிழிந்து பார்த்தவர்களுக்கு அப்பெயரின் பொருத்தத்தை நான் விளக்கவேண்டியதில்லை.

நோய் மயிரின் வேருக்குள்ளே குடியிருப்பதால் மேற்பூச்சு அங்கே எட்டாது; வாய்வழி மருந்தே வேண்டும். பூசும் களிம்புகள் சிலவற்றிற் கலந்திருக்கும் ஸ்டெரொயிட் சிவப்பையும் சொறிவையும் சிலநாள் மறைத்துப் பங்கசை வளரவிடும். தாய் வாங்கிய களிம்பும் அவ்வகையே என்று குழாயைப் பார்த்ததும் நிபுணர் சொன்னார். பிடுங்கிய மயிரைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இட்டு நுணுக்குக்காட்டியிற் பார்த்தபோது மயிரைச் சுற்றி வித்திகள் தெரிந்தன. வளர்ப்புச் சோதனையின் முடிவு வர நான்கு கிழமைவரை ஆகலாம். "அதுவரைக்கும் பாத்துக்கொண்டிருந்தால் மயிர்வேர் செத்துப்போம்" என்று சொல்லி அன்றே மருந்தெழுதினார். கிறிசியோபுல்வின், உடல்நிறைக்கு ஏற்ற அளவில், பாலோ முட்டையோ போன்ற கொழுப்புள்ள உணவுடன், எட்டுக் கிழமைக்குக் குறையாமல். வேறினப் பங்கசுகள் சிலவற்றுக்கு டெர்பினபின் நன்று என்றும், பூனையிலிருந்து வந்த இதற்குப் பழைய மருந்தே மேல் என்றும் கூறினார். வித்திகள் பரவாதிருக்கத் தலை கழுவும் மருந்தொன்றும் தந்தார். சிகிச்சை தொடங்கியபின் பாடசாலைக்கு வரத் தடையில்லை. சீப்பு, தொப்பி, தலையணை என்பவற்றைப் பிறருடன் பகிராதிருந்தாற் போதும்.

பழைய மருந்து என்றேன். 1939இல் இலண்டனில் ஒருவகைப் பங்கசிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்ட பொருள் அது. 1958இல் கிளாஸ்கோவில் கினிப்பன்றிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்தபோதுதான் அதன் பெருமை வெளிப்பட்டது. அதற்கு முந்திய வரலாறு துயரமானது. 1840களில் பாரிஸில் டேவிட் குரூபி என்பவர் இத்தகைய தலைநோய்களுக்குப் பங்கசே காரணமென்று நிறுவினார். காரணம் தெரிந்தும் மருந்தில்லை. 1904இல் அந்நகரத்துச் சபுறோ என்பார் எக்ஸ் கதிரால் மயிர் முழுவதையும் உதிரச்செய்யும் முறையை வகுத்தார். மயிரோடு நோயும் போயிற்று. உலகெங்கும் அம்முறை பரவிற்று. 1948 முதல் 1960 வரை இஸ்ரேலில், பெரும்பாலும் வட ஆபிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் குடிவந்த எளிய குடும்பத்துக் குழந்தைகள் பல்லாயிரவரின் தலைகள் இக்கதிருக்கு உள்ளாயின. பெற்றோர் பலருக்கு நடப்பது இன்னதென்று சொல்வாருமில்லை. அக்குழந்தைகளிடையே பிற்காலத்தில் மூளை, தைரொயிட் முதலியவற்றிற் கட்டிகள் மிகுந்தமையை 1974இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. நட்டஈட்டுச் சட்டம் வந்தது 1994இல். அழுக்கானவர்கள் என்று முன்கூட்டியே முடிவுசெய்யப்பட்டோரின் பிள்ளைகளிடத்தில் எதையும் கேளாமற் செய்யலாம் என்ற துணிவு எந்நாட்டுக்கும் பொதுவானது போலும். இதனைப் படித்த இரவு என் தூக்கம் கெட்டது. என் கையில் அந்தத் தொப்பி இருந்தது.

வைத்தியசாலையில் அம்மாத்திரை அப்போது கையிருப்பில் இல்லை. மருந்துத் தட்டுப்பாடு நாடு முழுவதையும் வாட்டிய ஆண்டு அது. வெளியே இரண்டு ஊர்களில் அலைந்து வாங்கினோம். பணத்தை ஆசிரியர் மூவர் பகிர்ந்துகொண்டோம். முட்டையுடன் கொடுக்கும்படி சொல்வது எளிது. அவ்வாண்டு முட்டை விற்ற விலையில் அத்தாய்க்கு அது மருந்திலும் பெரிய செலவாகத் தோன்றிற்று.

ஐந்தாம் நாள் பையனின் முகத்திலும் கையிலும் சிறு பருக்கள் எழுந்து அரித்தன. மருந்து ஒவ்வவில்லையென்று அஞ்சித் தாய் மாத்திரையை நிறுத்திவிட்டார். தற்செயலாக அன்று மாலை நான் போனேன். வைத்தியசாலைக்குத் தொலைபேசியிற் சொன்னபோது, மறுநாட் காலையிலேயே காட்டச் சொன்னார்கள். பங்கசுக்கு எதிராக உடல் விழித்துக்கொண்டதன் அறிகுறியே அப்பருக்கள், மருந்தை நிறுத்தலாகாது என்று நிபுணர் பார்த்துச் சொன்னார். நான் போகாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ண விரும்பவில்லை.

இனி இரண்டாவது தவறு. சலூனுக்குப் போனேன். நண்பகல், வாடிக்கையாளர் ஒருவருமில்லை. பையன்கள் வராமற் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் வந்த காரணத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்:

"என்ரை கிளிப்பராலை வராது எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன் மாஸ்டர். வரலாம். அதுக்குத்தான் ஒவ்வொரு தலைக்கும் பிளேட்டைக் கழட்டித் துடைச்சு, மருந்துத் தண்ணியிலை போடுறனான். ஒருக்கா வந்து கேட்டிருக்கலாம்."

நிபுணரும் அதையே சொல்லியிருந்தார். கத்தரியும் சீப்பும் கிளிப்பரும் தலைக்குத் தலை பங்கசைக் கொண்டுசெல்லக்கூடும், சுத்தஞ்செய்வது அவசியம். ஆகவே அவரை ஐயுற்றது குற்றமாகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அவருடைய கடைசி வாக்கியத்துக்கு அச்சமாதானம் விடையாகவில்லை.

அடுத்த திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில், நான் சொன்னது பிழையென்று சொன்னேன். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். ஆசிரியர் அறையில் அன்று சிலர் என்னுடன் பேசவில்லை. சலூனுக்குப் பையன்கள் ஒருவர் இருவராய்த் திரும்பியபோது தைப்பொங்கல் வந்துவிட்டது.

மருந்து பத்துக் கிழமை நீடித்தது. வீக்கம் வற்றிற்று, மயிரும் முளைத்தது. கத்தி பட்ட இடத்தைச் சுற்றி ஐந்து ரூபாக் குற்றியளவு மட்டும் வழவழவென்று நின்றுவிட்டது. வேர் அழிந்த அவ்விடத்தில் இனி மயிர் வராது. அதற்காகவே பையன் நெடுநாள் மயிர் வெட்ட மறுத்தான். சித்திரை விடுமுறைக்குச் சற்று முன்பு தாய் அவனைச் சந்திக்கு அழைத்துச் சென்றபோது நானும் அங்கிருந்தேன். அவர் அத்தழும்பை ஒருமுறை விரலாற் தடவிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வகிட்டை வலப்பக்கம் மாற்றி எடுத்து, பின்மயிரைச் சற்று நீளமாய் விட்டு, அதன்மேல் படியச் சீவிக் கண்ணாடியைப் பின்னாலே பிடித்துக் காட்டினார்.

பையன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பூனைக்குட்டியைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடும்படி அயலவர்கள் வற்புறுத்தியபோது அதை ஒளித்துவைத்துக் காத்தவன் அவன். மிருக வைத்தியர் கொடுத்த மருந்தில் அதன் காதடி மயிர் அவனுடையதற்கு முன்பே நிறைந்துவிட்டது என்று சலூன்காரரிடம் அன்று சொன்னான். "அப்ப அதையும் ஒருநாளைக்குக் கூட்டிக்கொண்டு வா" என்றார் அவர்.