லைன் கிடைக்காத வீடு



கடந்த வாரம் ஆசிரியர் அறையில் ஓர் இளம் ஆசிரியை என்னிடம், "சார், இந்த அம்மாவுக்கு எத்தனை தடவ போன் போட்டாலும் எடுக்கறதே இல்ல. பிள்ளை மேல அக்கறையே இல்லாத குடும்பம்" என்று மனம் நொந்து கூறினார். எனக்குச் சுருக்கென்றது. அதே சொற்களை ஒரு காலத்தில் நானும் சொன்னவன். சொன்னதோடு நில்லாமல் எழுதியும் வைத்தவன். அந்தக் கதையை அவரிடம் சொன்னேன். இங்கும் சொல்லிவைக்கிறேன்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது நான் ஐந்தாம் ஆண்டின் வகுப்பாசிரியர். எங்கள் பள்ளி தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி. மாணவர்களில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள். பள்ளிக் கதவு மூடியதும் எல்லாரையும் போல நானும் வாட்ஸ்அப் புலனக் குழு ஒன்றைத் தொடங்கிப் பயிற்சிகளை அனுப்பத் தொடங்கினேன். பிள்ளைகள் விடை எழுதிப் படமெடுத்து அனுப்ப வேண்டும். பெரும்பாலோர் அனுப்பினார்கள். ஒரு மாணவன் மட்டும் அனுப்பவே இல்லை.

அவனுடைய அம்மாவின் எண்ணுக்குத் தனியாகவும் அனுப்பிப் பார்த்தேன். காலையில் அனுப்பிய செய்திக்கு அருகே மாலை வரை ஒற்றைக் குறியே இருக்கும். இரவில் திடீரென்று இரண்டு குறிகள், அவையும் நீல நிறத்தில். அதாவது செய்தி போய்ச் சேர்ந்தது, திறந்தும் பார்த்தாயிற்று. ஆனால் பதில் இல்லை. பார்க்காமல் இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வருத்தம் வந்திராது. பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்களே என்பதுதான் என் சினம். இருமுறை அழைத்தேன், 'தொடர்புகொள்ள இயலவில்லை' என்ற பதிவுக் குரலே கேட்டது.

மே மாத இறுதியில் இயங்கலை வகுப்பில் பங்கேற்காத மாணவர்களின் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. அவன் பெயருக்கு நேரே, காரணம் என்ற கட்டத்தில், 'பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினேன். மூன்றே சொற்கள். எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஜூன் மாதம் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது, அச்சிட்ட பயிற்சித்தாள்களை வீடு வீடாகக் கொடுத்து வரலாம் என்று கிளம்பினேன். அவனுடைய வீடு பள்ளத்து லயத்தில் கடைசி வீடு. சுற்றிலும் நன்கு முதிர்ந்த செம்பனை மரங்கள். மேலே தகரக் கூரை. வாசலில் மோட்டாரை நிறுத்தும்போதே என் கைப்பேசியில் ஒரு கோடுதான் இருந்தது. உள்ளே சென்றதும் அதுவும் போயிற்று.

அவனுடைய அம்மா நாற்றுப்பண்ணை வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். "வாங்க சார், உக்காருங்க. எங்க மேல கோவமா இருப்பீங்கன்னு தெரியும்" என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. சன்னல் கம்பியில் ஒரு நெகிழிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அவருடைய கைப்பேசி. "அங்க தொங்கவிட்டாத்தான் சார் எப்பவாச்சும் லைன் வரும். பேச எடுத்தா போயிரும்."

பையன் உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினான். நான் அனுப்பிய ஒவ்வொரு பயிற்சிக்கும் தேதியிட்டு விடை எழுதியிருந்தான். ஏறக்குறைய எல்லாமே இருந்தன. பிறகு கைப்பேசியைத் திறந்து காட்டினான். எனக்கு அனுப்பிய படங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் சிறு கடிகாரக் குறி. ஏப்ரல் மாதத்துப் படம்கூட இன்னும் புறப்படாமல் காத்திருந்தது. "சாயங்காலம் மாரியம்மன் கோயில் மேட்டுக்குப் போவேன் சார். அங்க நீங்க அனுப்பினது எல்லாம் வந்துரும். நான் அனுப்பினாதான் போகாது."

அந்த மாதம் சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவி, தொடர்பு கிடைப்பதற்காக மரத்தின் மேலேறித் தங்கித் தேர்வெழுதிய காணொளி நாடெங்கும் பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். அதை நானும் ஆசிரியர் குழுவில் பகிர்ந்து, 'என்னே விடாமுயற்சி!' என்று எழுதியிருந்தேன். என் மாணவன் மேடேறிக்கொண்டிருந்தது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

வருவது வருகிறது, போவது ஏன் போகவில்லை? அன்றிரவு, தொலைத்தொடர்புத் துறையில் தொழில்நுட்பராக இருக்கும் என் அக்காள் மகனை அழைத்துக் கேட்டேன். "மாமா, கோபுரம் பல வாட் வலுவில கத்துது. கைப்பேசியோட குரல் அதிகபட்சம் கால் வாட்டுக்கும் கீழதான். அதனால கோபுரம் சொல்றது இவனுக்குக் கேக்கும்; இவன் சொல்றது கோபுரத்துக்குக் கேக்காது" என்றான். நீலக் குறியின் மர்மம் இவ்வளவுதான். பார்த்தார்கள், பதிலும் அனுப்பினார்கள். அது வீட்டை விட்டு வெளியேறவில்லை.

கோடுகளை நம்பாதீர்கள் என்பது அவன் கற்றுக்கொடுத்த முதல் பாடம். எத்தனை வலுவுக்கு எத்தனை கோடு என்பதைக் கைப்பேசி நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி வைத்துக்கொள்கின்றன. உண்மையான எண் வேறிடத்தில் உள்ளது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் அமைப்புகளுக்குள் 'தொலைபேசி பற்றி' என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் டிபிஎம் என்ற அளவில் ஓர் எண் தெரியும். அது எப்போதும் கழித்தல் எண்தான். 4ஜி தொடர்பில் −80 என்றால் மிக நன்று. −110 என்றால் தள்ளாட்டம். −120 என்றால் கையை விரித்துவிடலாம். கணித ஆசிரியர்களுக்கு இன்னொரு செய்தி: இந்த அளவில் 10 கூடினால் வலு பத்து மடங்கு கூடுகிறது, 20 கூடினால் நூறு மடங்கு.

மறுநாள் அந்த எண்ணை வைத்துக்கொண்டு நானும் பையனும் லயத்தைச் சுற்றி நடந்தோம். அவன் நோட்டில் குறித்துக்கொண்டான். வீட்டுக்குள் −118. சன்னலோரம் −112. பின்புறத் தண்ணீர்த் தொட்டியருகே −108. கோயில் மேட்டில் −98. வீட்டுக்கும் மேட்டுக்கும் நூறு மடங்கு வேறுபாடு! தகரம் அலையைத் திருப்பி அடித்துவிடும். பனையோலையில் உள்ள நீர் அதை விழுங்கும். பள்ளம் கோபுரத்தையே மறைத்துவிடும். இவை மூன்றும் ஒரே வீட்டின் மேல் வந்து அமர்ந்திருந்தன.

பிறகு ஒவ்வொன்றாக முயன்றோம். கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றிச் சில நொடிகள் கழித்து மீட்டால் அது கோபுரத்தைப் புதிதாகத் தேடும். சில வேளைகளில் இரண்டு மூன்று எண் கூடியது. அம்மாவின் சிம் அட்டை மிகப் பழையது. அதில் 4ஜி வரவே வராது. நிறுவன முகப்பில் எண் மாறாமல் புதிய அட்டை மாற்றிக்கொண்டார். எல்லாவற்றையும் விடப் பெரிய வேறுபாடு, வேறொரு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பார்த்தபோது வந்தது. என் கைப்பேசியிலிருந்த அட்டையை அங்கே செருகினோம். சன்னலோரம் −112 இருந்த இடத்தில் −103. அந்நிறுவனத்தின் கோபுரம் மேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றதே காரணமாக இருக்க வேண்டும். எந்த நிறுவனம் சிறந்தது என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள். ஒரு லயத்துக்குச் சிறந்தது அடுத்த லயத்துக்குச் சிறந்ததாக இராது. புதிதாக வாங்குமுன் பக்கத்து வீட்டுக்காரரின் சிம்மைக் கடன் வாங்கிப் பார்ப்பதே நல்ல வழி.

கடைசியாகச் செய்ததுதான் பையனுக்கு மிகவும் பிடித்தது. என் வீட்டில் சும்மா கிடந்த பழைய கைப்பேசியில் அந்தப் புதிய சிம்மைப் போட்டு, தாழ்வாரத்து உத்தரத்தின் உயரமான இடத்தில், நிழலில் கட்டிவைத்தோம். அதன் இணையத்தை அருகலையாகப் பகிரும்படி அமைத்ததும், மரச் சன்னல் வழியாக வீட்டுக்குள்ளே இணையம் வந்துவிட்டது. வெயில் நேரே பட்டால் மின்கலம் சூடேறும். இடி மின்னல் வந்தால் கழற்றிவிட வேண்டும். வலுக்குறைந்த இடத்தில் கைப்பேசி முழு மூச்சோடு கத்துவதால் மின்கலமும் விரைவில் தீரும். எனவே பாட நேரத்துக்கு மட்டும் என்று சொல்லிவைத்தேன்.

இங்கே பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. இணையக் கடைகளில் அலைபெருக்கி என்று மலிவாக ஒரு கருவி விற்கிறார்கள். அந்தத் தோட்டத்து மண்டோர் ஒருவரும் வாங்கப் போவதாகச் சொன்னார். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் அதைப் பொருத்துவது சட்டப்படி குற்றம். உங்கள் வீட்டில் இரண்டு கோடு கூடும். ஆனால் அது எழுப்பும் இரைச்சலால் அக்கம்பக்கத்தார் அனைவரின் தொடர்பும் கெடும்.

பையனின் நோட்டிலிருந்த எண்களையே மாதிரியாக வைத்து, அந்த லயத்தின் மற்ற வீடுகளிலும் அளந்து, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழி நிறுவனத்துக்கு முறையிட்டோம். 'லைன் சரியில்லை' என்று சொன்னபோது கிடைக்காத பதில், எண்களோடு எழுதியபோது கிடைத்தது. 2022இல் தோட்டச் சந்திப்பில் ஒரு கோபுரம் எழுந்தது. பள்ளத்து லயத்தில் அதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை; வீட்டுக்குள் இப்போது −106 காட்டுகிறது. ஆயினும் படம் போகிறது.

அந்த இளம் ஆசிரியையின் செய்திக்கு வருகிறேன். 2021 இறுதிக்குள் நம் நாட்டில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டுவிட்டது. 4ஜி வழியே குரல் அழைப்பை ஏற்கும் வோல்டி வசதி இல்லாத பழைய கைப்பேசிகள், அழைப்பு வரும்போது 2ஜிக்கு இறங்க வேண்டும். 2ஜியும் எட்டாத இடமென்றால், இணையம் ஓரளவு வந்தாலும் அழைப்பு வராது. சில கைப்பேசிகளில் அந்த வசதி இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். "அந்த அம்மா பள்ளிக்கு வரும்போது கைப்பேசியை வாங்கிப் பாருங்கள்" என்றேன். நேற்று பார்த்திருக்கிறார். அணைத்துத்தான் இருந்ததாம்.

என் பட்டியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜூன் மாதமே தலைமையாசிரியரிடம் போய் அந்த மூன்று சொற்களை மாற்றக் கேட்டேன். பட்டியல் முன்பே மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போய்விட்டிருந்தது. திருத்தக் கடிதம் ஒன்றை எழுதி, பையன் குறித்துத் தந்த எண்களையும் இணைத்து அனுப்பினேன். அது அங்கே கோப்பில் சேர்ந்ததா என்பதை இன்றுவரை எவரும் எனக்குச் சொல்லவில்லை. அவனுடைய அம்மாவிடம், நான் இப்படி எழுதியிருந்தேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தேத்தண்ணி ஆறிப்போகுது, குடிங்க சார்" என்றார்.