லயத்து வாசலில் சரளைக்கல்

மாத்தளை மலைத்தோட்டமொன்றில், லயத்தின் முன்னால் ஒரு பாயளவு பூம்பாத்தியைக் கண்டோம். வாள்போன்ற இலைகளை விரித்து, புள்ளியிட்ட செம்மஞ்சட் பூக்களோடு ஐரிஸ் குலத்துச் செடிகள் நின்றன. சுற்றிலும் ஓடையிற் பொறுக்கிய சரளைக்கற்கள் பரப்பப்பட்டிருந்தன.

"அழகுக்காகவா, அம்மா?" என்று வினவினோம்.

"அழகுக்கு மட்டுமில்லீங்க ஐயா. மழை மண்ண அடிச்சுக்கிட்டுப் போயிரும், கல்லுதான் தடுக்கும்" என்றார், கொழுந்து பறித்துத் திரும்பிய அந்தத் தாய்.

விஞ்ஞானம் கூறுவதும் இதுவே. சரளையிட்ட மண்ணை மழைத்துளி நேரே தாக்காது, ஈரம் விரைந்து வற்றாது, களையும் குறையும். இலைக்குப்பை மூடினால் அழுகக்கூடிய கிழங்கு கல்லிடையே காற்றுப் பெறும். ஆயினும் கல் மக்கி உரமாவதில்லை. எருவைத் தனியே இடவேண்டும்.

ஆனால் புல்லற்ற நிலமே நல்ல தோட்டமென்று கோப்பிக் காலந்தொட்டே துரைமார் கருதினர். தொழிலாளர் கையிற் சுரண்டியைக் கொடுத்து மண்ணை வெறுமையாக்கினர். மேல்மண் மழையோடு போயிற்று. மண்ணைக் காக்கும் சட்டம் 1951-இல் வந்தது. அதற்கு முன்பே, 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அம்மண்ணில் உழைத்தோரிற் பெரும்பாலோரைப் பிரஜாவுரிமை அற்றவராக்கியிருந்தது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமைக்கு வழி திறந்தது. காணி உறுதியோ இன்றும் பல லயக் குடும்பங்களுக்கு இல்லை.

அந்தத் தாய் பூச்செடி நட்ட மண்ணும் அவருடையதன்று. பிறர் நிலத்து மண்ணையும் கரையாமற் காக்கும் அந்தக் கைகளுக்கு, தமதென்று சொல்ல ஒரு துண்டுக் காணி வேண்டாமா?