அட்டையைக் கிழிக்காதீர்கள்

பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தபோது, வாரா வாரம் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்த வீடுகள் ஏராளம். மணியம் வரைந்த உள்படங்கள் அப்படித்தான் பிழைத்தன. ஆனால் பைண்டு போடும்போது முதலில் கழன்று போனது அட்டை. கதையைக் காப்பாற்றிய அதே பழக்கம்தான் அட்டைப் படங்களை அரிதாக்கியது. இன்றோ நேர்மாறாக, அட்டையை மட்டும் வெட்டி சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். இரண்டுமே இழப்புதான். ஆனந்த விகடனின் அட்டைப்பட ஜோக்கில் கோபுலு வரைந்த புடவைக் கட்டும், திண்ணையும், உள்ளே இருக்கும் சோப்பு விளம்பரத்தோடும் வாசகர் கடிதத்தோடும் சேர்ந்தால்தான் அந்தக் காலத்தைப் பேசும்.

ஸ்கேன் போதாதா என்று கேட்கலாம். படிக்கப் போதும். ஆனால் அச்சில் நிறங்கள் சற்றே விலகி விழுந்த ஓரமும், துருப்பிடித்த ஸ்டேபிள் பின் பதிந்த தடமும், தாளின் தடிமனும் திரையில் தெரியாது. தவிர, ஸ்கேன் செய்யவே முதலில் முழு இதழ் வேண்டுமே! முழு இதழைக் காப்பதெல்லாம் நூலகத்தின் வேலை என்பார்கள். ஆனால் சென்னையின் ரோஜா முத்தையா நூலகமே கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த சேகரிப்பிலிருந்து பிறந்ததுதான். பரணில் பழைய தீபாவளி மலர் இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள்.