ரைட்டு!

போன வாரம் பேரனிடம், "ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் கோயிலுக்குப் போய் வரலாமாடா?" என்று கேட்டேன். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரைட்டு தாத்தா" என்றான். நானும் ஞாயிறு காலை ஐந்தரைக்கே குளித்து, வேட்டி கட்டி, திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவன், "எங்க தாத்தா கிளம்பிட்டீங்க?" என்றான்.

"நீதானேடா ரைட்டுன்னு சொன்னே!"

"அது சும்மா ரைட்டு தாத்தா."

கோபம் வரவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இந்த 'ரைட்டு' நமக்குப் பஸ் கண்டக்டர் கொடுத்த சொல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நிறுத்தச் சொன்னால் 'ஹோல்டான்', கிளம்பச் சொன்னால் 'ரைட் ரைட்'. ஆங்கிலத்தில் 'சரி' என்று பொருள். நம் ஊரில் 'வண்டியை எடு' என்று பொருள். பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடைக்கும் வீட்டுக்கும் வந்தபின் அதற்குப் பல முகங்கள். "ரைட்டு" என்று வெட்டிச் சொன்னால் சம்மதம். "ரைட்டு, விடு" என்றால் பேச்சு முடிந்தது. "ரைட்ட்டு..." என்று இழுத்தால் காரியம் கெட்டது என்று அர்த்தம். எழுத்தில் மூன்றும் ஒன்றுதான். காதுதான் பிரித்தறிய வேண்டும்.

எனக்கு அந்தக் காது வாய்க்கத் தாமதமானது. நான் பாட்டி வீட்டில் தங்கிப் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே 'ஆம்' என்பதற்கு 'வுய்'. 'உடன்படுகிறேன்' என்பதற்கு 'தக்கோர்'. "நீ படிக்கவில்லையா?" என்று எதிர்மறையில் கேட்டால், 'படித்தேன்' என்று மறுத்துச் சொல்ல 'சி' என்று தனியாக ஒரு சொல். நம் தமிழில் அதே கேள்விக்கு "ஆமாம்" என்றால் படிக்கவில்லை என்றாகிவிடும். இந்த வித்தியாசம் பிடிபடாமல் வீட்டிலும் பள்ளியிலும் மாறி மாறித் திட்டு வாங்கியிருக்கிறேன். 'வுய்' என்பதைத் தெருப் பிள்ளைகள் 'வே' என்று நீட்டிச் சொல்வார்கள். வகுப்பில் ஒருநாள் வாய்தவறி அது வந்துவிட, வாத்தியார் என்னை நிற்க வைத்தார். உண்மையில் பிரான்சின் தென்பகுதி ஒன்றுக்கு 'லாங்தோக்' என்றே பெயர். 'ஆம்' என்பதற்கு 'ஓக்' என்று சொல்லும் மொழி என்று அதற்குப் பொருள். ஒரு சீமைக்கே அடையாளம் அது சம்மதம் சொல்லும் விதம்தான்!

உலகமே இன்று சொல்லும் 'ஓகே'யும் வேடிக்கையாகப் பிறந்ததுதான். 'எல்லாம் சரி' என்பதற்கான ஆங்கிலச் சொற்களை வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு எழுதி, அவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் நகரத்துப் பத்திரிகை ஒன்று அச்சிட்டது. மறு ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் வான் பியூரனின் ஆதரவாளர்கள் அதைக் கையில் எடுக்க, கேலிச் சொல் நிலைத்துவிட்டது.

இனி என் வெட்கத்துக்கு வருகிறேன்.

1981 வாக்கில் நான் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. சக ஊழியர்களைப் பார்த்து நானும் 'ரைட்டு' சொல்லப் பழகியிருந்தேன். மேசைக்கு வரும் எவருக்கும், எதற்கும் ரைட்டு. சிதம்பரத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா, இறந்துபோன கணவரின் குடும்ப ஓய்வூதியத்துக்காக மனு கொண்டுவந்தார். வாங்கிப் பார்த்துவிட்டு, "ரைட்டும்மா, போயிட்டு வாங்க" என்றேன். மனுவை வாங்கிக்கொண்டேன் என்பதுதான் என் மனதில் இருந்த அர்த்தம். காரியம் முடிந்தது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதமும் வந்தார். ரைட்டு. அதற்கடுத்த மாதமும் ரைட்டு. ஒவ்வொரு முறையும் 40 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் வந்து திரும்புவார். நான்காம் முறை வந்தபோது காதில் தோடு இல்லை. பணம் வந்துவிடும் என்று நம்பி அடகு வைத்தாராம். சத்தம் போடாமல் சொன்னார்:

"கண்டக்டர் ரைட்டுன்னு சொன்னா பஸ்ஸாவது கிளம்புதுங்க ஐயா. நீங்க சொல்ற ரைட்டுக்கு ஒண்ணும் கிளம்பலியே."

அன்றுதான் கோப்பை முழுவதும் புரட்டினேன். கணவரின் பணிப்பதிவேட்டில் மனைவி பெயர் ஒரு மாதிரி, குடும்ப அட்டையில் வேறு மாதிரி. இரண்டும் ஒருவரே என்று தாலுகா அலுவலகத்தில் ஒரு சான்று வாங்கினால் போதும். முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டியது அது. ஒரு தாளில் எழுதிக்கொடுத்து, எங்கே, யாரிடம், எதைக் கொண்டுபோக வேண்டும் என்றும் சொன்னேன். சான்று வந்ததும் கோப்பை நானே கையில் எடுத்துக்கொண்டு போய் மேலதிகாரியிடம் வைத்தேன். இரண்டு மாதத்தில் நிலுவையோடு ஓய்வூதியம் வந்தது. ஆனால் அதற்குள் தோடு ஏலத்தில் போய்விட்டிருந்தது. சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தார். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஓய்வுபெறும் வரை மேசையில் நான் ரைட்டு சொல்லவில்லை. "மனு கிடைத்தது", "இந்தத் தாள் குறைகிறது", "இது நடக்காது" என்று மூன்றில் ஒன்றைத்தான் சொன்னேன். மூன்றாவதைச் சொல்வது கடினம். ஆனாலும் பஸ் செலவு மிச்சம்.

நேற்று பேரன் தானாக வந்தான். "தாத்தா, இந்த ஞாயிறு போலாம்."

"சும்மா ரைட்டா, கண்டக்டர் ரைட்டா?" என்றேன்.

விழித்தான். கதையைச் சொன்னேன். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். பிறகு எழுந்துபோய், ஐந்து மணிக்கு அலாரம் வைத்துவிட்டு வந்து என்னிடம் காட்டினான். வாயால் ஒன்றும் சொல்லவில்லை.